வெளிச்சுவர்ப் பலகையை மாற்றும் செலவு: எதை எதனுடன் ஒப்பிடுவது?

மரச்சட்டகத்தில் எழுப்பப்பட்ட வீடுகளில் மழையையும் வெயிலையும் முதலில் ஏற்றுக்கொள்வது, சுவரின்மேல் வரிசை வரிசையாக அறையப்பட்டிருக்கும் சைடிங் என்னும் மேலுறைப் பலகையாகும். அது வெளிறி, நெளிந்து, மூட்டுகளில் பிளவுபடத் தொடங்கியதும், பிளாஸ்டிக் வகையான வினைலுக்கு என்ன விலை, சிமென்டும் மரக்கூழும் கலந்த ஃபைபர் சிமென்டுக்கு என்ன விலை, மரத்துக்கு என்ன விலை என்று வீட்டுக்காரர் விசாரிக்கத் தொடங்குகிறார். கேட்பது இயல்புதான், ஆனால் இந்தக் கேள்வி கடைசியாக வர வேண்டியது. மொத்தச் செலவில் பலகையின் விலை ஒரு பகுதி மட்டுமே. பல வீடுகளில் கூலி அதற்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ வந்துவிடுகிறது. பழைய பலகையை உரித்தல், கழிவை அப்புறப்படுத்துதல், மேலுறைக்கு அடியில் சட்டத்தின்மேல் அறையப்பட்டு உளுத்துப்போன தட்டுப்பலகையை மாற்றுதல், நீர்த்தடுப்புத் தாள் சுற்றுதல், சன்னல்களைச் சுற்றி நீரை விலக்கும் தகடு மடித்தல், சாரம் கட்டுதல் ஆகியவை, எந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும் செலவுகள். எனவே வேலை எவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே பொருள்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒட்டுப்போடுவதா, மேலே போர்த்துவதா, உரித்தெடுப்பதா?

சேதம் ஒரு மூலையிலோ ஒரு சன்னலுக்குக் கீழேயோ மட்டும் இருந்தால், முழு வீட்டையும் உரிப்பதற்கு நியாயமில்லை. இங்கு வரும் ஒரே சிக்கல் நிறம். பத்து ஆண்டு வெயில் கண்ட வினைல் பலகையின் அருகில் அதே நிறப் புதுப் பலகையைப் பொருத்தினால், அது தனித்துத் தெரியும். அனுபவமுள்ள தச்சர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வீட்டின் பின்சுவரிலிருந்து பழைய பலகைகளைக் கழற்றி முன்சுவரின் சேதத்தைச் சரிசெய்துவிட்டு, புதியவற்றைப் பின்சுவரில், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் வைத்துவிடுவார்கள். பெயின்ட் பூசப்படும் மரம், ஃபைபர் சிமென்ட் போன்ற பலகைகளில் இந்தத் தொல்லை இல்லை. மாற்றிய பகுதியையும் சேர்த்து அந்தச் சுவர் முழுவதற்கும் ஒருமுறை பெயின்ட் அடித்தால் போதும்.

இரண்டாவது வழி, பழையதை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதியதை அறைவது. உரிக்கும் கூலியும் கழிவுச் செலவும் மிச்சமாவதால் விலைப்புள்ளியில் இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் சுவர் தடிக்கும்போது சன்னல் சட்டங்கள் உள்வாங்கிப் போகும். அவற்றைச் சுற்றிப் புதிதாக நீட்டுச்சட்டம் வைக்க வேண்டியிருக்கும். அடியிலுள்ள சுவரின் மேடுபள்ளம் புதுப் பலகையிலும் தெரியும். ஆணிகளும் பழைய பலகையைத் தாண்டிச் சட்டத்தில் இறங்கும் அளவுக்கு நீளமானவையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாமலேயே மூடிவிடுகிறோம். பழைய பலகையை ஆங்காங்கே நெம்பி எடுத்து, சன்னலின் கீழ்மூலைகளிலும் கூரை வந்து சுவரில் முட்டும் இடங்களிலும் ஈரமானி வைத்துப் பார்த்து, மரத்தின் ஈரம் எங்கும் 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டால்தான் இந்த வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமென்ட் ஓடுகள் மேலுறையாகப் பொருத்தப்பட்டன. அவை உடையாமல் அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. உரிக்கும்போதும் அறுக்கும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றும் செலவு பெரிது என்பதால், ஓடுகள் உறுதியாக இருக்கும் வீட்டில் அவற்றை மேலே போர்த்தி மூடுவது ஏற்கத்தக்க தீர்வாகக் கருதப்படுகிறது. புதிய பலகையை அறையும்போது ஓட்டைத் துளைத்தால் அந்தப் பாதுகாப்பே கெட்டுவிடும் என்பதால், அதற்கான முறையை அத்துறையில் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். ஈயம் கலந்த பழைய பெயின்டும் இதுபோன்றதே. அமெரிக்காவில் வீடுகளுக்கான பெயின்டில் ஈயத்துக்கு 1978இல் தடை வந்தது. அதற்கு முந்தைய வீடுகளில் பெயின்ட் பூசிய மரப்பலகையை உரிப்பவர்கள், தூசியைக் கட்டுப்படுத்தும் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கு 2010 முதல் நடைமுறையில் உள்ள விதி. வீடு பழையது என்றால், எந்த விலைப்புள்ளியையும் கேட்பதற்கு முன்னரே இந்த இரண்டுக்கும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. வேலை பாதியில் நிற்கும்போது கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மலிவு.

மூன்றாவது வழி, தட்டுப்பலகை வரை உரித்தெடுப்பது. மூன்றிலும் செலவு மிகுந்தது இதுவே. ஆனால் வீட்டின் ஆயுளில் சுவரின் உட்பகுதி வெளிச்சத்தைக் காணும் வாய்ப்பு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. எங்கேனும் கசிவின் அறிகுறி இருந்தால் வேறு எந்த வழிக்கும் இடமில்லை.

பலகைக்குப் பின்னால் இருப்பவை

பலகை நீரை முழுவதும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் நிகழும் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம். காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழை எந்தப் பலகையின் மூட்டிலும் புகும். வினைலின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென்றே துளைகள் விடப்பட்டிருப்பது இதனால்தான். புகுந்த நீர் எங்கே போகிறது, சுவர் எவ்வளவு விரைவில் உலர்கிறது என்பவற்றைப் பொறுத்தே வீட்டின் ஆயுள் அமைகிறது. இதைக் கட்டுமானத் துறை பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1990களில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள வில்மிங்டன் பகுதியில், நுரைப்பலகைமேல் செயற்கைக் காரை பூசப்பட்ட வீடுகள் பலவற்றின் உட்சட்டங்கள் சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போயின. சன்னல் ஓரங்களில் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருந்ததே காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவின் வான்கூவரிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இதேபோல் கசிந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் சிக்கின. அதை ஆராய 1998இல் அந்த மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் வெளியிலிருந்து பார்த்தால் சுவர்கள் அழகாகவே இருந்தன.

அந்தப் பாடத்திலிருந்து பரவலானதுதான் பலகைக்கும் நீர்த்தடுப்புத் தாளுக்கும் இடையே 10 முதல் 19 மி.மீ. வரை இடைவெளி விடும் முறை. செங்குத்தாகப் பட்டிகளை அறைந்து, அவற்றின்மேல் பலகையைப் பொருத்தினால், புகுந்த நீர் பின்புறமாக வழிந்து கீழே வெளியேறும். காற்றும் ஓடி உலர்த்தும். பட்டிக்கும் கூலிக்கும் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. வறண்ட இடத்தில், அகன்ற கூரைத் தாழ்வாரம் உள்ள ஒருமாடி வீட்டுக்கு இது இல்லாமலும் காலம் ஓடிவிடும். மழை மிகுந்த இடத்தில், காற்றை நேராக எதிர்கொள்ளும் சுவரில், மரத்தையோ மரக்கீற்றுகளை அழுத்திய பலகையையோ பொருத்துபவர் இந்தச் செலவை மிச்சப்படுத்தக் கூடாது. வினைலின் வளைந்த வடிவமே பின்னால் ஓரளவு இடைவெளியைத் தந்துவிடுவதால், அதற்குத் தனிப்பட்டி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. விலை குறைந்த பலகைக்குத் தற்செயலாக வாய்த்த இந்த நன்மையைப் பற்றி விற்பனையாளர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

நீர்த்தடுப்புத் தாளை விரிக்கும் முறையைச் சொல்ல நீண்ட விளக்கம் வேண்டியதில்லை: ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடுவதுபோல, ஒவ்வொரு தாளும் தனக்குக் கீழே உள்ளதன்மேல் படிய வேண்டும். இந்த ஒரு விதியைத் தலைகீழாகச் செய்துவிட்ட சன்னல் ஒன்று போதும், சில ஆண்டுகளில் அதன் கீழுள்ள தட்டுப்பலகை கையால் பிட்டு எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். அதுபோலவே, கூரையின் கீழ்விளிம்பு ஒரு சுவரை ஒட்டி முடியும் இடத்தில், நீரைச் சுவரிலிருந்து விலக்கி வடிகாலுக்குள் தள்ளிவிடும் சிறு மடிப்புத் தகடு ஒன்று இருக்க வேண்டும். கையகலத் தகடு, விலை மிகச் சொற்பம். அது விடுபட்ட வீடுகளில் கூரையின் பாதி நீர் சுவருக்குள் இறங்குவதைக் காணலாம்.

சுவர் திறந்திருக்கும்போது எடுக்க வேண்டிய இன்னும் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்று, வெப்பக்காப்பு. பலகை எதுவாயினும் அதனால் குளிரோ வெப்பமோ பெரிதாகத் தடுக்கப்படுவதில்லை. அமெரிக்க அளவுமுறையில் வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு சாதாரண வினைலுக்கு 0.6 அளவிலேயே இருக்க, ஓர் அங்குலக் கனமுள்ள அழுத்திய பாலிஸ்டைரீன் நுரைப்பலகைக்கு அது 5. ஆகவே வெப்பச் செலவைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், பின்பக்கம் நுரை ஒட்டிய பலகைக்குக் கூடுதல் விலை தருவதைவிட, சுவர் முழுவதும் தனியாக நுரைப்பலகையோ பாறைக்கம்பளியோ பரப்புவது பயனுள்ளது. சன்னல் ஓரங்களை நீட்டும் வேலை அதனுடன் சேர்ந்து வரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, சன்னல்கள். அவற்றைச் சுவரில் அறைவதற்கான ஆணிப்பட்டை பலகைக்கும் தாளுக்கும் பின்னால் இருப்பதால், இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிய சன்னல்களை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. இல்லையெனில் புதிய பலகையைச் சுற்றிலும் வெட்டி மறுபடி ஒட்ட நேரும்.

எவ்வளவு பலகை தேவை?

விலைப்புள்ளிகளைப் புரிந்துகொள்ள அளவு தெரிந்திருக்க வேண்டும். இத்தொழிலில் 100 சதுர அடியை, அதாவது ஏறத்தாழ 9.3 சதுர மீட்டரை, ஒரு ‘ஸ்கொயர்’ என்கிறார்கள். 12 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் 6 மீட்டர் சுவர் உயரமும் உள்ள இரண்டு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 42 மீட்டர் என்பதால் சுவர்ப் பரப்பு 252 சதுர மீட்டர். இரு பக்கமும் கூரையின் கீழ் 2.5 மீட்டர் உயர முக்கோணச் சுவர் இருந்தால் 22.5 சதுர மீட்டர் சேரும். சன்னல், கதவுகளுக்கு 34.5 சதுர மீட்டர் கழித்தால் 240 மிஞ்சும். வெட்டுக்கழிவுக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 264 சதுர மீட்டர், அதாவது சுமார் 28.4 ஸ்கொயர், முழு எண்ணாக 29. முக்கோணங்களும் மூலைகளும் மிகுந்த வீட்டில் கழிவு 15 விழுக்காடு வரை போகும். சில ஒப்பந்ததாரர்கள் சன்னல் பரப்பைக் கழிக்காமலேயே விட்டு, அதையே கழிவுக்கான ஒதுக்கீடாக வைத்துக்கொள்வார்கள். அது ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் கழிக்காமல் விட்டுவிட்டு, அதன்மேல் 15 விழுக்காட்டையும் சேர்த்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

வினைலும் ஃபைபர் சிமென்டும்

பெரும்பாலான வீட்டுக்காரர்களின் தயக்கம் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறது என்பதால், மற்றவற்றைவிட இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தம்.

வினைல் என்பது பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக். பலகையின் கனம் பெரும்பாலும் 1 முதல் 1.2 மி.மீ.தான். எடை குறைவு என்பதால் இருவர் சேர்ந்து ஒரு நாளில் கணிசமான பரப்பை முடித்துவிடுவார்கள். கூலி குறைவதற்கு இதுவே காரணம். நிறம் பொருளுக்குள்ளேயே கலந்திருப்பதால் பெயின்ட் தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை கழுவினால் போதும். வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதுதான் இதன் அடிப்படைக் குணம்: 3.6 மீட்டர் நீளமுள்ள பலகை கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே 12 மி.மீ. அளவுக்கு நகரும். அதனால் ஆணியைத் துளையின் நடுவில், முழுவதும் இறுக்காமல், பலகை பக்கவாட்டில் அசையும்படி அறைய வேண்டும். வெயிலில் நெளிந்து நிற்கும் வினைல் சுவர்களைப் பார்த்துவிட்டுப் பொருளைக் குறைசொல்பவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆணியை இறுக்கி அறைந்தவரின் பிழை. பொருளின் உண்மையான குறைகள் வேறு. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேல் வினைல் இளகத் தொடங்கும். வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள நவீன சன்னல் கண்ணாடி எதிர்வீட்டில் இருந்தால், அதிலிருந்து குவிந்து தெறிக்கும் வெயிலே சுவரை உருக்கிவிடக்கூடும். கடுங்குளிரில் அடிபட்டால் விரிசல் விடும். அடர்நிறங்கள் விரைவில் வெளிறும். தீயில் உருகி வழிந்து, பின்னாலிருக்கும் மரத்தை வெறுமையாக்கிவிடும்.

ஃபைபர் சிமென்ட் என்பது சிமென்ட், மணல், மரக்கூழ் இழை ஆகியவற்றை அழுத்தி வார்த்த பலகை. பழைய கல்நார்ப் பலகையில் கல்நார் இருந்த இடத்தில் மரக்கூழ் இழையை வைத்து, 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பரவியது. எரியாது, கறையான் தின்னாது, ஆலங்கட்டி மழையை வினைலைவிட நன்றாகத் தாங்கும். எடைதான் பிரச்சினை: வினைல் சதுர மீட்டருக்கு 3 கிலோவை ஒட்டி இருக்க, 8 மி.மீ. ஃபைபர் சிமென்ட் 11 முதல் 12 கிலோ வரை வரும். நீளப்பலகையை ஒருவர் நடுவில் பிடித்துத் தூக்கினால் வளைந்தே ஒடிந்துவிடும். அறுக்கும்போது எழும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு என்பதால், தூசி உறிஞ்சும் ரம்பமோ வெட்டுக்கத்திரியோ வேண்டும். இவையெல்லாம் கூலியில் ஏறுகின்றன. வாங்கிப் பொருத்தி முடிக்கும்போது மொத்தம், வினைலைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆவது வழக்கம். தொழிற்சாலையிலேயே பெயின்ட் பூசி வரும் பலகை 15 ஆண்டு அளவுக்குத் தாங்கும், பிறகு மறுபூச்சு. வெட்டிய முனைகளுக்குப் பூச்சு வைக்காவிட்டாலும், பலகையின் அடி தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. உயரத்தில் நிற்காவிட்டாலும், நீரை உறிஞ்சி அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கும். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது உற்பத்தியாளர் முதலில் அளந்து பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

பிற்காலத்தில் ஒரு கசிவைத் தேட வேண்டி வந்தால் வினைலே வசதியானது: பலகைகள் ஒன்றோடொன்று மாட்டியிருக்கும் பூட்டைக் கொக்கி போன்ற சிறு கருவியால் கழற்றி, பலகையைச் சேதமில்லாமல் எடுத்து மறுபடி மாட்டலாம். ஃபைபர் சிமென்டில் ஆணி மேல்வரிசைக்கு அடியில் மறைந்திருப்பதால், எடுக்க முயலும்போது பலகைகள் உடைவது சாதாரணம்.

மற்றவை

மரக்கீற்றுகளைப் பிசினால் ஒட்டி, பூச்சியும் பூஞ்சையும் அண்டாதபடி சிங்க் போரேட் கலந்து அழுத்திய பலகைகள் இவ்விரண்டுக்கும் இடையிலான விலையில் கிடைக்கின்றன. ஃபைபர் சிமென்டைவிட இலகுவானவை, சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம், எளிதில் உடையா. 1980களில் வெளிவந்த இவற்றின் முதல் தலைமுறைப் பலகைகள் ஊறிப் பருத்து, 1990களில் அமெரிக்காவில் பெரும் வழக்குகளில் முடிந்தன. இன்றைய பலகைகள் அவற்றைவிட வெகுவாகத் தேறியவை. இருந்தாலும் வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் பெயின்ட் வைக்கும் பொறுமை உள்ள ஆட்கள் கிடைத்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

செடார், ரெட்வுட் போன்ற மரங்களின் அழகுக்கு ஈடில்லை. செடாரில் இயற்கையாகவே உளுப்பதைத் தடுக்கும் சாறு உண்டு. அதே சாறு இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை இறங்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு ஆணியே பயன்படுத்த வேண்டும். மெல்லிய சாயப் பூச்சு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெயின்ட் என்றால் இன்னும் சற்றுத் தாமதமாக, மறுபடி வேண்டும். ஏணி ஏறிப் பூச்சு வேலை செய்வதில் இன்பம் காண்பவருக்கு மரம் ஏற்றது. ஆளை வைத்துச் செய்பவருக்கு அது ஓயாத மாதச்சீட்டு.

எஃகுப் பலகை எரியாது, நீடிக்கும். வெட்டிய விளிம்பிலும் கீறலிலும் துரு ஏறும், கடற்கரை உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் பந்து பட்டாலே குழியும். மரச்சட்டகத்தின்மேல் பூசும் சிமென்ட் காரை மூன்று பூச்சுகளாக ஏறத்தாழ 22 மி.மீ. கனத்தில் வரும், கைத்திறனை முற்றிலும் நம்பியிருப்பது. செங்கல் முகப்பு சதுர மீட்டருக்கு 190 கிலோவை ஒட்டிய எடையுள்ளது. அதைத் தாங்கும் விளிம்பு அஸ்திவாரத்தில் முதலிலேயே இல்லாத வீட்டில் இந்த எண்ணத்தை விட்டுவிடுவதே மேல்.

முப்பது ஆண்டுக் கணக்கு

விலை நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், கணக்கின் வடிவத்தைக் காட்டக் கற்பனை எண்களையே எடுத்துக்கொள்கிறேன். வாசகர் தமக்குக் கிடைத்த விலைப்புள்ளியின் எண்களை இவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வினைல் பலகையும் அதைப் பொருத்தும் கூலியும் 100 அலகு என்றும், உரித்தல், தாள், தகடு முதலிய பொதுவேலைகள் எல்லாவற்றுக்கும் 40 அலகு என்றும் வைத்துக்கொள்வோம். வினைல் வீட்டுக்கு மொத்தம் 140. முப்பது ஆண்டுகளில் கழுவுவதைத் தவிரப் பெரிய செலவில்லை. ஃபைபர் சிமென்டுக்கு 175ம் 40ம் சேர்ந்து 215. பதினைந்தாம் ஆண்டில் 35 அலகுக்கு ஒரு மறுபூச்சு என்றால் 250. மரக்கீற்றுப் பலகைக்குப் பொதுவேலையோடு சேர்த்து 185இல் தொடங்கி, இரண்டு முறை பூச்சு என்றால் 255. செடாருக்கு அதேபோல் 240இல் தொடங்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை 30 அலகுச் சாயம் ஐந்து தடவை என்றால் 390.

வினைல் முப்பது ஆண்டிலும் ஃபைபர் சிமென்ட் ஐம்பது ஆண்டிலும் முடிவதாக வைத்து ஆண்டுச் செலவாகப் பிரித்தாலும் முடிவு மாறவில்லை: வினைலுக்கு 140ஐ 30ஆல் வகுத்தால் 4.7, ஃபைபர் சிமென்டுக்கு மூன்று மறுபூச்சுகளோடு 320ஐ 50ஆல் வகுத்தால் 6.4. நீண்டகாலத்தில் விலை உயர்ந்த பலகையே மலிவு என்று விற்பனைக் கையேடுகள் சொல்வது பெரும்பாலும் கணக்கில் நிற்பதில்லை. ஃபைபர் சிமென்டைத் தேர்பவர் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. தீ எதிர்ப்பையும் உறுதியையும், பிடித்த நிறத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் விலை கொடுத்து வாங்குகிறார். காட்டுத்தீ பரவும் பகுதியில், அல்லது பக்கத்து வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில், அந்த விலை முழுவதும் நியாயமானது. சுற்றிலும் திறந்தவெளியுள்ள, மிதமான தட்பவெப்பமுள்ள இடத்தில் அதே பணத்துக்கு வேறு நல்ல உபயோகம் உண்டு. வீட்டை ஐந்தாறு ஆண்டுகளில் விற்கப்போகிறவர், அக்கம்பக்கத்து வீடுகளில் எந்தப் பலகை இருக்கிறதோ அதற்கு மேலே போகாமலிருப்பதே போதும்.

இதே கணக்கில் அந்தப் பொதுவேலை 40ஐ யோசித்துப் பாருங்கள். நூறு அலகோடு முடித்துவிடலாம் என்று தாளையும் தகட்டையும் தவிர்த்த வீட்டில், எட்டாம் ஆண்டு ஒரு சுவர் உளுத்துப்போய், அதை உரித்துச் சட்டம் மாற்றி மறுபடி மூட 60 அலகு ஆனால், மிச்சம் பிடித்தது அத்தனையும் போய் மேலும் 20 கையைவிட்டுப் போகும். ஆகவே கையிலிருப்பது 175 அலகு மட்டும் என்றால், அதை முழுவதும் ஃபைபர் சிமென்டில் போட்டுப் பின்சுவரைப் பழையபடி விடுவதைவிட, 140க்கு வினைலும் பொதுவேலையும் செய்துவிட்டு, மீதி 35ஐ எதிர்பாராத உளுப்புக்கென்று ஒதுக்கிவைப்பேன்.

விலைப்புள்ளியை வாசிக்கும்போது

மூன்று ஒப்பந்ததாரர்களிடம் கேட்டால் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான விலை வரும் என்பதே இதில் பெரிய இடர். ஒருவர் உரித்தலைச் சேர்த்திருப்பார், ஒருவர் சேர்த்திருக்கமாட்டார். ஒருவர் தகடு மடிப்பதைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் பலகையின் வணிகப்பெயரையும் நிறத்தையும் மட்டும் இரண்டு வரியில் எழுதியிருப்பார். அந்த இரண்டு வரித் தாளில்தான் தொகை குறைவாக இருக்கும். ஆகவே வேலைகளின் பட்டியலை நாமே எழுதி மூவரிடமும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை போடச் சொல்ல வேண்டும். உரித்த பிறகு எத்தனை தட்டுப்பலகை உளுத்திருக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது, அதனால் 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் அளவுள்ள பலகை ஒன்றை மாற்ற இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே குறித்துவிட வேண்டும். சுவர் திறந்து கிடக்கும்போது, மழை வரப்போகும் நாளில், விலை பேசும் நிலைமை நமக்கு வரக் கூடாது. இதற்கென மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு கையில் இருப்பது நல்லது.

பணத்தைத் தவணைகளாகப் பிரிக்கும்போது, ஒரு தவணையைப் பலகை அறைவதற்கு முந்தைய நாளோடு இணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு சன்னலின் கீழ்மூலையும், கூரை சுவரில் முட்டும் ஒவ்வோர் இடமும், தாளின் மேற்படிவுகளும் தெரியும்படி எடுத்த படங்களை வீட்டுக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்தத் தவணை கொடுக்கப்படும் என்று எழுதிக்கொண்டால், மறுநாள் மூடப்படும் வேலையை அன்று கவனமாகச் செய்ய ஒப்பந்ததாரருக்கும் காரணம் இருக்கும்.